பிரிக்பீல்ட்ஸ் பௌத்த மகா விகாரையும் தமிழ் மரபும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் தமிழர் நடமாட்டம் மிகுந்த இடமாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஜாலான் துன் சம்பந்தனின் பூமாலைக் கடைகளையும் உணவகங்களையும் கடந்து ஜாலான் பெர்ஹாலாவை அடைந்தால் பௌத்த மகா விகாரையைக் காணலாம். 'பெர்ஹாலா' என்னும் மலாய்ச் சொல் வழிபடும் உருவத்தைக் குறிக்கும். சக்தி விநாயகர் ஆலயமும் அதே சாலையில்தான் உள்ளது. அண்மையில் ஓடும் கிள்ளான் ஆறு இன்று சிமெண்டுக் கரைகளுக்குள் ஒடுங்கிக் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. எனினும் அவ்வட்டாரச் சாலையொன்று ஜாலான் தெபிங், அதாவது கரைச் சாலை, என்றே வழங்குகிறது.

1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன்பின் செங்கல் கட்டடங்களுக்கான தேவை பெருகவே, இப்பகுதியின் களிமண் சூளைகளுக்குச் சென்றது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரும் நிலைத்தது. தொடர்ந்து இருப்புப்பாதைப் பணிமனைகளும் பணியாளர் குடியிருப்புகளும் இங்கு எழுந்தன. ஆங்கிலம் கற்ற எழுத்தர்களைக் காலனித்துவ அரசு இலங்கையிலிருந்து வரவழைத்தது. அவ்வாறு வந்தோருள் யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தனர், சிங்களவரும் இருந்தனர். சிங்களச் சமூகத்தார் 1894இல் சாசன அபிவிருத்தி வர்த்தன சங்கத்தை நிறுவினர். அதன் முயற்சியால் எழுந்ததே இவ்விகாரை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத் தமிழர் அருகிலுள்ள ஸ்காட் சாலைப் பகுதியில் கந்தசுவாமி ஆலயத்தை எழுப்பினர். ஒரே தீவிலிருந்து ஒரே வகைப் பணிக்காகக் கடல் கடந்தவர்கள், நடந்து செல்லும் தொலைவில் தத்தம் வழிபாட்டிடங்களை அமைத்துக்கொண்டனர் எனலாம்.

1983 முதல் 2009 வரை இலங்கையில் நிகழ்ந்த போர் இவ்விரு மக்களின் மனங்களில் பதித்த வடுவை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 'அது சிங்களவர் கோயில்' என்ற ஒரு சொல்லோடு விகாரையைக் கடந்து செல்வோர் நம்மிடையே உள்ளனர். அச்சொல் பாதி உண்மையே. 1952இல் மலாயாவுக்கு வந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்திய மெய்யியல் பயின்றவர். 2006இல் மறையும் வரை இவ்விகாரையே அவரது பணியின் மையமாக இருந்தது. 1962இல் அவர் தோற்றுவித்த பௌத்த சமயப் பரப்புச் சங்கமும், ஆங்கிலத்தில் அவர் ஆற்றிய உரைகளும் எழுதிய நூல்களும் ஆங்கிலம் கற்ற சீனர்களை விகாரையின்பால் ஈர்த்தன. ஆகவே சிங்களவர் எழுப்பிய இக்கோயில் நெடுங்காலமாகப் பல இனத்தவருக்கும் உரியதாக விளங்கி வருகிறது. தமிழர் மட்டும் ஏன் வாயிலோடு நின்றுவிட வேண்டும்?

உள்ளே செல்லும் தமிழருக்கு அந்நியமானவை சிலவே. காலணியைக் கழற்றிவிட்டுத்தான் புத்தர் திருவுருவின்முன் செல்ல வேண்டும். மலரும் விளக்கும் ஊதுவத்தியும் அங்கும் உண்டு. அர்ச்சனை இல்லை; திருநீறு இல்லை; வரம் வேண்டும் வழக்கமும் முதன்மை பெறுவதில்லை. படைத்த மலர் வாடுவதுபோல் இவ்வுடலும் அழியும் என எண்ணுவதே அங்கு மலர் வழிபாட்டின் கருத்து. போதி மரமோ நம் பிள்ளையார் அமர்ந்திருக்கும் அதே அரச மரந்தான். பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. எனவே அன்பர்கள் அளிக்கும் உணவுத் தானம் அதற்கு முன்பே நிறைவுறுகிறது. அமுதசுரபி ஏந்திய மணிமேகலையைப் பாடமாகப் பயிலும் மாணவர் இதனை ஒருமுறையேனும் நேரில் காண்பது நன்று.

1929 முதல் ஞாயிறு அறநெறி வகுப்புகளையும் இவ்விகாரை நடத்தி வருகிறது. பௌத்த, சமணத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று என்பர். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரையைச் சோழர் செப்பேடு பள்ளி என்றே சுட்டுகிறது. அவ்விகாரையின் வரலாறு மலேசியத் தமிழருக்கு இருவகையில் உரியது. அதனைத் தொடங்கியவர் கடாரத்து அரசர் சூளாமணிவர்மர். நிறைவேற்றியவர் அவர்தம் மைந்தர் மாறவிசயோத்துங்கவர்மர். கடாரம் நமது கெடா என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். சைவரான முதலாம் இராசராசன் தமது 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரைக்கு வழங்கினார். இக்கரையின் மன்னர் அக்கரையில் பௌத்தப் பள்ளி எழுப்ப, தமிழ் வேந்தர் அதற்கு ஊர் அளித்த செய்தி இது. அங்கு எஞ்சி நின்ற பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

கட்டடம் போயினும் மொழி போகவில்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' இத்தகையோர் பலரை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. எனினும், எம் கருத்தில், முதன்மையான சான்று மணிமேகலையின் இறுதிக் காதைகளே. கதைச் சுவை குறைவு என்று பலர் அவற்றை விரைந்து புரட்டிவிடுவர். பன்னிரு நிதானங்களைச் சாத்தனார் அங்கே தமிழாக்கி வைத்துள்ளார். விகாரையின் அறவுரைகளில் பாலி மொழிச் சொற்களாக ஒலிக்கும் அவிஜ்ஜா அவரிடம் பேதைமை, பஸ்ஸ, ஊறு, தண்ஹா, வேட்கை, உபாதானம், பற்று. ஆங்கிலத்தில் இச்சொற்களை விளக்குவோர் ஒரு தொடரையே செலவிட நேர்கிறது. தமிழ் மாணவருக்கோ அவை தம் பாடநூலிலேயே ஒற்றைச் சொற்களாக உள்ளன.