மீனுக்குக் கேட்பது வாயா, காலா?

உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தது.  வடகிழக்குப் பருவமழையில் இப்படிப்பட்ட ஏரிகள் நிறைந்தால், காற்றடித்த லாரி டியூபில் உட்கார்ந்து, காலையே துடுப்பாக்கி மீன்பிடிக்க இறங்குபவர்களைத் தமிழகத்தில் பார்க்கலாம். நீச்சல் தெரிந்தவர்களும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டிய வேலை அது.

"பேசாதே, மீன் ஓடிடும்" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். மெல்லப் பேசுவதால் பெரிய கெடுதல் இல்லை. காற்றில் எழும் ஒலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும். மீதி மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். நீருக்குள்ளேயே பிறக்கும் சத்தம் வேறு. அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாயும்.

அதைப் பிடிக்கக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அருமையான ஏற்பாடு உண்டு. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியில் அதிர, முதுகெலும்பின் முன்முனையில் உள்ள சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. 1820இல் இவற்றை விவரித்தவர் உடற்கூறியலாளர் எர்ன்ஸ்ட் வெபர். பார்வையிழந்த கெளுத்தி ஒன்று விசில் கேட்டு இரைக்கு வருவதை 1923இல் விலங்கியலாளர் கார்ல் வான் ஃப்ரிஷ் எழுதினார். தொட்டிக்குப் பக்கத்தில் ஊதிய விசிலே எட்டும் காதுக்கு, நீரை அடிக்கும் கால் எப்படிக் கேட்கும்! விராலுக்கு அந்த எலும்புகள் இல்லை. ஆனாலும் எல்லா மீன்களையும் போல, அருகில் தண்ணீர் அசைவதை, உடலின் பக்கவாட்டில் ஓடும் அதன் பக்கக்கோடு உணர்ந்துவிடும். கலங்கிய ஏரியில் கண்ணைவிட இதுதான் அதற்குத் துணை.

பார்வையில் டியூப்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. ஒளி விலகுவதால், மீனுக்கு மேலுலகம் முழுவதும் 97 பாகை விரிந்த வட்டச் சன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அதன் அகலம் இரண்டேகால் மீட்டர்தான். தாழ உட்கார்ந்திருப்பவர் அதன் விளிம்பில் நசுங்கி, மங்கித் தெரிவார். கரையில் எழுந்து நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. தொங்கும் கால்களோ நீருக்குள்ளேயே இருப்பதால், தெளிந்த தண்ணீரில் நேராகவே தெரியும்.

ஆகவே காற்று வரும் திசையிலிருந்து இறங்கி, அது தள்ளிக்கொண்டு போகும்படி விடுவதே நல்லது. காலை உதைக்காமல், முழங்காலுக்குக் கீழே மட்டும் மெதுவாக அசைத்தால் போதும். நிழல் முன்னால் விழக் கூடாது. அடிச்சேற்றில் கால் படக் கூடாது.

கெண்டை இனத்தில் இன்னொன்றும் உண்டு. தோல் கிழிந்தால் கசியும் ஒரு வேதிப்பொருள் கூட்டத்தையே மிரட்டிவிடும். 1938இல் இதையும் வான் ஃப்ரிஷ்தான் வெளியிட்டார். காயம்பட்ட கெண்டை தூண்டிலிலிருந்து நழுவினால், அங்கேயே காத்திருக்காமல் இடம் மாறிவிடலாம்.