பிளாஸ்டிக் அரிசி: நெல் விளையும் மண்ணில் ஒரு வதந்தி

வதந்தியை நம்புவோர் விவரம் அறியாதவர்கள் என்னும் எண்ணம் படித்தவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. நியாயவிலைக் கடை அரிசியில் பிளாஸ்டிக் கலக்கப்படுவதாகத் தமிழகத்தில் சில ஆண்டுகளாகச் சுற்றிவரும் பேச்சை நெருங்கிப் பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது தெரியவரும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் சம்பாவும் தாளடியும் விளையும் ஒரத்தநாட்டு வட்டாரத்தில், கொள்முதல் நிலையத்து ஈரப்பதமானி எண்ணைக் காட்டுவதற்கு முன்பே, இரண்டு நெல்மணியைக் கடித்துப் பார்த்து ஈரத்தைச் சொல்லிவிடக்கூடிய உழவர்கள் உண்டு. அவர்களுக்கு அரிசியைப் பற்றித் தெரியாது என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை.

இந்தப் பேச்சு இங்கே பிறந்ததன்று. 2011-ஆம் ஆண்டையொட்டிச் சீனாவைப் பற்றிய செய்தியாகக் கிளம்பி, 2016 டிசம்பரில் நைஜீரியாவில் சுங்கத்துறையே மூட்டைகளைப் பறிமுதல் செய்யும் அளவுக்கு வளர்ந்து, 2017 ஜூனில் இந்தியாவின் பல மாநிலங்களை அடைந்தது. நைஜீரியாவின் ஆய்வகம் அந்த மூட்டைகளில் இருந்தது அரிசியே என்று உறுதிசெய்தது. ஆனால் அது கிருமிகள் மிகுந்து, உண்ணத் தகாததாக இருந்ததையும் கண்டறிந்தது. பொய்க் குற்றச்சாட்டு உண்மையான குறையை எவ்வாறு மறைத்துவிடும் என்பதற்கு இது தெளிவான சான்று. கைப்பேசிகளில் பரவிய காட்சிகளில் சோற்று உருண்டை தரையில் மோதி எழும்பியதற்கும் காரணம் பிளாஸ்டிக் அன்று. வெந்த அரிசியின் மாவுச்சத்து பசைபோல் ஒட்டி, இடையில் காற்றையும் பிடித்துவைத்துக்கொள்வதால், இறுக்கிப் பிடித்த எந்தச் சோறும் ஓரளவு எழும்பவே செய்யும்.

இந்தப் பழைய பேச்சுக்குப் புது உயிர் கொடுத்தது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து உலர்த்தி எடுக்கும் மணிகளை, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்னும் அளவில் கலப்பதே செறிவூட்டல் எனப்படுகிறது. தமிழகத்தில் 2020-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கிய இத்திட்டம், 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் வெளியிட்ட அறிவிப்புக்குப் பின் நாடெங்கும் விரிந்தது. அரிசி களையும்போது சில மணிகள் மட்டும் நிறத்தில் வேறுபட்டு, நீரில் மிதந்து, விரலில் பட்டால் மாவுபோல் வழுவழுக்கும். ஆண்டாண்டாக அரிசி களைந்த கைக்கு அந்த வேறுபாடு தப்பாது. கண்டது மெய், கண்டதற்கு விளக்கம் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாதபோது, ஏற்கெனவே ஊரில் உலவிய விளக்கம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்க உளவியலாளர்களான கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், வதந்தியின் வேகம் இரண்டு காரணிகளின் பெருக்கற்பலன் என்றனர்: ஒன்று, செய்தி மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது, மற்றொன்று, அதில் எவ்வளவு தெளிவின்மை இருக்கிறது என்பது. இரண்டில் ஒன்று சுழியானால் வதந்தியும் சுழியாகும். சோறு முக்கியமற்றதாகும் நாள் காவிரிப் படுகையில் வரப்போவதில்லை. ஆகவே குறைக்க முடிந்தது தெளிவின்மை ஒன்றையே. அதைக் குறைக்கும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு உரியது. மூட்டை வந்த பிறகு விளக்கத்தை அனுப்பியது அவர்களின் தவறு.

இந்த வதந்தியால் விளைந்த பெருங்கேடு, கேட்கப்பட வேண்டிய கேள்விகள் அமுங்கிப்போனதே. தலசீமியா போன்ற குருதிக் கோளாறு உள்ளவர்கள் இரும்புச்சத்து சேர்த்த உணவை மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்னும் எச்சரிக்கைக் குறிப்பை 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயமாக்கியிருந்தன. அது 2024-இல் நீக்கப்பட்டது. சில்லறையாக அளந்து, பையில் கொட்டப்படும் ரேஷன் அரிசியில் அந்தக் குறிப்பு எத்தனை வீடுகளை எட்டியது, அதை நீக்கியது சரியா என்பவை ஊர்க்கூட்டங்களில் எழுப்பத்தக்க கேள்விகள். அரிசியில் அவ்வப்போது காணும் வாடையும் வண்டும் குறித்த முறையீடுகளும் அவ்வாறே. பிளாஸ்டிக் என்ற ஒரு சொல் வந்ததும், அதை மறுத்து அறிக்கை விடுவதோடு அதிகாரிகளின் வேலை முடிந்துவிடுகிறது.

மிதக்கும் மணிகளைப் பொறுக்கி எறியும் வீட்டில், சேர்க்கப்பட்ட சத்து முழுவதும் அவற்றோடு போய்விடுகிறது. ஒவ்வொரு நியாயவிலைக் கடையிலும் இருப்புப் பலகைக்குப் பக்கத்தில் இந்த மணிகளை ஒரு தட்டில் வைத்து, இவை என்ன, எதற்காகச் சேர்க்கப்படுகின்றன, யார் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும் என்பதை நல்ல தமிழில் எழுதிவைக்க உணவுத் துறை இனியேனும் முன்வர வேண்டும்.