பத்து விநாடி நினைவகம்

1997-இல் நியூயார்க்கின் ராக்கஸ் ரெக்கார்ட்ஸ் ‘சவுண்ட்பாம்பிங்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. மாஸ் டெஃப், டாலிப் குவெலி, கம்பெனி ஃப்ளோ என்று பெரிய நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்துகொண்டிருந்த ராப் கலைஞர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டுகளை ஒன்றிலிருந்து இன்னொன்று முளைப்பதுபோல் கோத்தவர் டிஜே ஈவில் டீ. 1999-இல் வந்த இரண்டாம் தொகுதியை ஜே-ராக், பாபு என்ற இரு டிஜேக்கள் கோத்தார்கள். எங்கோ ஓரிடத்தில் பாட்டு மாறியிருக்கும். நம் கால் தாளத்தை விட்டிருக்காது. அது எப்படி முடிகிறது?

ஒரு பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு, அடுத்ததன் வேகம் 93 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே கேட்டால் வித்தியாசமே தெரியாது. சேர்த்து ஓடவிட்டால் தட்டுக்குத் தட்டு 21 மில்லி விநாடிக்கு மேல் விலகும். நான்கு தட்டு முடிவதற்குள் விலகல் 86 மில்லி விநாடி ஆகிவிடும். ஒரே ட்ரம் அடி இரண்டு அடியாகத் தடுக்கும். இதைச் சரிசெய்ய, அந்தக் காலத்து டிஜேக்கள் பெரிதும் நம்பிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் ஒரு நகர்த்தி உண்டு. இசைத்தட்டின் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். 90-ஐ 93 ஆக்க 3.3 சதவீதம் போதும்.

ஆனால் இசைத்தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதியும் ஏறும். இந்த 3.3 சதவீதத்துக்கே, ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. பேச்சின் ஏற்ற இறக்கத்தில் ஓடும் ராப்புக்கு இது பெரிய சேதமில்லை. அடியில் ஓடும் பேஸ் இசைதான் மற்றதோடு முட்டும். அதனால் ட்ரம் மட்டும் ஒலிக்கும் இடமாகப் பார்த்துக் கோர்ப்பார்கள். இதில் காதுதான் கணக்குப் பிள்ளை.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு அந்தக் கால நியூயார்க் ராப்பின் சொரசொரப்பு. ஒலி அழுக்காக இருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள்; எனக்கோ அதில்தான் உயிர். அதன் மூலங்களில் முக்கியமானது ஈமு நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர். பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியை உள்வாங்கி, விரலால் தட்டும்போது திருப்பித் தரும் பெட்டி. மொத்த நினைவகம் 10 விநாடி. ஒரு துண்டு 2.5 விநாடிக்கு மேல் போகக் கூடாது.

நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது நான்கு தட்டு, 2.67 விநாடி. நூலிழையில் இடம் போதவில்லை! அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். 2.67 விநாடி ஏறத்தாழ 1.98 ஆகச் சுருங்கி உள்ளே அடங்கிவிடும். பிறகு பெட்டிக்குள்ளேயே சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒலி விலை கொடுத்தது. எஸ்பி-1200 விநாடிக்கு 26,040 முறைதான் ஒலியை அளக்கும். அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேலுள்ள அதிர்வெண் எதையும் உண்மையாகப் பிடிக்க முடியாது. எல்லை 13 கிலோஹெர்ட்ஸ். வேகத்தைக் கூட்டிப் பதியும்போது எல்லா அதிர்வெண்களும் 1.35 மடங்கு மேலே போய்விடுவதால், மூல இசையில் சுமார் 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலிருந்தது எதுவும் மிஞ்சாது. சிம்பலின் மினுமினுப்பு போயிற்று. சுருதியை இறக்கும்போதோ, பெட்டி இருக்கும் அளவுகளையே திரும்பத் திரும்ப எடுத்து இடைவெளியை நிரப்பும். அதில் மூலத்தில் இல்லாத உலோகக் கரகரப்பு ஒன்று பிறக்கும். சிடி ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறது. 12 பிட் எஸ்பி-1200-க்கு 4,096 படிதான். மெல்லிய ஒலியின் வால் அதில் பிசிறடிக்கும்.

வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றும் மென்பொருள் இன்று மடிக்கணினியிலேயே இருக்கிறது, நினைவகத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியை வடிவமைத்த டேவ் ராஸம் 2021-இல் அதை மீண்டும் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அளக்கும் வேகம் அதே 26.04 கிலோஹெர்ட்ஸ், படிகளும் அதே 4,096.