காரில் ஏறினால் பயமா? கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை



ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, துக்க வீட்டுக்கு என்று இன்று எல்லோரும் கார், வேன் ஏற வேண்டியிருக்கிறது. ஆனால் சிலருக்கு வண்டி கிளம்பியதுமே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, கை கால் வெடவெடக்கிறது. எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். "ஏங்க, மெதுவாப் போகச் சொல்லுங்க" என்று மனைவி கெஞ்ச, "சும்மா இரு புள்ள, நாலு பேர் சிரிக்கப் போறாங்க" என்று கணவன் அதட்டுகிறார். ஊர் போய்ச் சேர்வதற்குள் இருவருக்கும் சண்டை.

இந்தப் பயம் பெண்களுக்கு மட்டும் வருவதல்ல. ஆண்களுக்கும் வரும். 'ஆம்பிளைக்கு என்ன பயம்' என்று வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பேய் பிசாசு பிடித்ததும் அல்ல. சரியாகக் கூடியதே.

பயம் ஏன் வருகிறது?

ஆபத்து என்று மனம் நினைத்த உடனே அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார் செய்வது அதன் வேலை. அதனால்தான் இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. வரப்பில் பாம்பைக் கண்டால் இது நம்மைக் காப்பாற்றும். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கோ ஓட இடமில்லை. ஆகவே பயம் உள்ளேயே சுழல்கிறது.

வேகமாக மூச்சு விட விட ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் மரத்துப் போகும். 'செத்துப் போயிடுவேனோ' என்று தோன்றும். இந்தப் பயத்தால் உயிர் போகாது. உச்சத்துக்கு ஏறச் சில நிமிடங்களே ஆகும். பிறகு தானாகவே இறங்கிவிடும்.

ஓட்டுகிறவரை விடப் பக்கத்தில் இருப்பவருக்குப் பயம் அதிகம். ஸ்டீரிங்கும் பிரேக்கும் ஓட்டுகிறவர் வசம் இருக்கின்றன. வண்டி எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பலர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார்கள். விபத்தில் அடிபட்டவர்களுக்கும், விபத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கும் இது இன்னும் கூடுதலாக இருக்கும்.

வயிற்றைப் புரட்டி வாந்தி வருவது வேறு. அது காதின் உட்பகுதி உணரும் அசைவும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப் போகாததால் வருவது. முன்பக்கம் உட்கார்ந்து, தூரத்தில் சாலையைப் பார்த்து வந்தால் அது குறையும்.

நல்ல பயமும் உண்டு

டிரைவர் குடித்திருந்தால், போன் பேசிக்கொண்டு ஓட்டினால், வண்டியில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்திருந்தால் பயப்படத்தான் வேண்டும். அது நோயல்ல, புத்தி. "இந்த வண்டியில நாங்க வரலை" என்று இறங்கிவிடுங்கள். இதில் வெட்கம் வேண்டாம். வண்டி சரியாக, டிரைவர் நிதானமாக இருந்தும் வருகிற பயத்துக்குத்தான் கீழே சொல்லும் வழிகள்.

ஏறாமலே இருந்துவிட்டால் என்ன?

பயமாக இருக்கிறது என்று ஒரு முறை காரைத் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக நிற்கும். பிறகு பஸ்ஸும் பயம், கடைசியில் வாசல்படி தாண்டவே பயம். கர்ப்பிணித் தாய் வண்டிக்குப் பயந்து மாதப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தாலோ, வலி கண்ட பிறகும் 'வீட்டிலேயே பாத்துக்கலாம்' என்றாலோ, தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. பிரசவத்தில் ரத்தப்போக்கு கண்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆகவே பயத்தை இப்போதே பழக்கிக்கொள்வது நல்லது.

ஏறுகிறவர் செய்ய வேண்டியவை

1. ஸீட் பெல்ட்டைப் போடுங்கள். பின் ஸீட்டிலும் போட வேண்டும். உடம்புக்கும் காப்பு, மனசுக்கும் தைரியம்.

2. மூச்சை மூக்கால் மெதுவாக இழுங்கள், மனசுக்குள் 4 எண்ணுங்கள். வாயால் மெதுவாக விடுங்கள், 6 எண்ணுங்கள். 5 நிமிடம் இப்படிச் செய்தால் படபடப்பு தணியும். வீட்டில் தினமும் பழகி வைத்தால்தான் வண்டியில் கைகொடுக்கும்.

3. தோளைத் தளர்த்துங்கள். கைப்பிடியை இறுகப் பிடிக்காதீர்கள். காலால் பிரேக் மிதிக்காதீர்கள்.

4. கண்ணை மூடாதீர்கள். வெளியே தெரிகிற பனைமரம், கோயில், பம்புசெட் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி வாருங்கள்.

5. 'இது பயம்தான், ஆபத்து இல்லை, இறங்கிப் போயிடும்' என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கணவன் செய்ய வேண்டியவை

கேலி, அதட்டல் இரண்டும் கூடாது. பயந்தவரைத் திட்டினால் பயத்தோடு அவமானமும் சேரும். கிளம்பும் முன்பே டிரைவரிடம், "அண்ணே, நிதானமாப் போங்க, முந்தாதீங்க" என்று சொல்லி வையுங்கள். நீங்களே ஓட்டினால் முன் வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டுங்கள். "அடுத்து திருப்பம் வருது, மெதுவாகத் திருப்புறேன்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 'கையைத் தூக்கினால் வண்டியை ஓரம் கட்டுவேன்' என்று ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். கணவருக்குப் பயம் என்றால் மனைவியும் இவ்வாறே துணை நிற்க வேண்டும்.

படிப்படியாகப் பழக்குங்கள்

சொந்தக் கார் இல்லாவிட்டால் உறவினர் காரில் பழகலாம். முதலில் நின்றிருக்கும் காரில் கதவைத் திறந்து வைத்து 10 நிமிடம் உட்காருங்கள். அடுத்து கதவை மூடி, எஞ்சினை ஓடவிட்டு உட்காருங்கள். பிறகு தெருவை ஒரு சுற்று. அதன் பிறகு பஸ் ஸ்டாப் வரை, பிறகு பெரிய ரோடு, கடைசியில் டவுன்.

பயத்துக்கு 10க்கு எத்தனை மார்க் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 8 ஆக இருந்தது 4 ஆகக் குறையும் வரை அந்தப் படியிலேயே நில்லுங்கள். மார்க் உச்சத்தில் இருக்கும்போது வண்டியை விட்டு இறங்கி ஓடினால் பயம் ஜெயித்துவிடும். அவசரம் வேண்டாம். வாரத்தில் பல நாள் பழகுவது முக்கியம்.

பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு

'பெல்ட் போட்டால் வயித்துப் பிள்ளையை நெரிக்கும்' என்று சிலர் சொல்வது தவறு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை இரு மார்புக்கும் நடுவில் வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மேல் பட்டை வரக்கூடாது. பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட யார் வருவது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அந்த வழியில் ஒரு முறை போய் வந்தால் பயம் குறையும். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது.

செய்யக் கூடாதவை

பயம் தெளிய என்று சாராயம் குடிக்கக் கூடாது. டாக்டர் எழுதித் தராத தூக்க மாத்திரையும் கூடாது. டயரில் எலுமிச்சம்பழம் வைப்பதும் சாமி கும்பிடுவதும் உங்கள் நம்பிக்கை. அதோடு மேற்சொன்ன பழக்கத்தையும் செய்யுங்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

விபத்துக்குப் பிறகு 1 மாதம் தாண்டியும் அதே காட்சி கனவில் வந்தால், தூக்கம் கெட்டால், வெளியே போவதையே விட்டுவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், 'பயம்தான்' என்று இருந்துவிடாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

பயத்தை மறைத்தால் வளரும். கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேசினால் தேயும். இன்று இரவே பேசுங்கள்!