இருந்தால் இது, இல்லையேல் அது

மூன்று கடைகளின் ஒருநாள் விற்பனை 8,000, 0, 6,000 ரூபாய். வந்த வாடிக்கையாளர்கள் 40, 0, 25 பேர். தலைக்கு எவ்வளவு என்று ஓர் அணி வேண்டும். நடுக்கடை அன்று திறக்கவில்லை. அங்கே சுழியத்தால் வகுக்கப் போனால் நிரல் பாதியில் நின்றுவிடும். பைத்தான் நிரல்மொழியில் இதற்கு ஒரு வரி போதும். சதுர அடைப்புக்குள் ‘ஆள் வந்திருந்தால் வகு, இல்லையேல் சுழியம்’ என்ற நிபந்தனைக் கோவையை எழுதி, எந்தப் பட்டியல்கள் மீது ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டால் 200, 0, 240 கிடைக்கும். நான்கு வரி இஃப்-எல்ஸுக்கு இது வெறும் சுருக்கெழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சுருக்கம் சின்ன லாபம்தான். தேர்வாகாத கிளையை அது கணக்கிடுவதே இல்லை என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இந்தக் கோவை பிறந்த கதையே அதற்குச் சாட்சி. 1957-58இல் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி ஃபோர்ட்ரான் மொழியில் சதுரங்க நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அம்மொழியின் இஃப் அவருக்குத் தொல்லையாக இருந்ததால் எக்ஸ்இஃப் என்று ஒரு செயற்கூறு செய்துகொண்டார்: முதல் உள்ளீட்டைப் பார்த்து மற்ற இரண்டில் ஒன்றைத் திருப்பித் தரும். நிரல்கள் சுருங்கின, படிக்கவும் எளிதாயின. ஆனாலும் அதை அளந்துதான் பயன்படுத்த முடிந்தது. சாதாரணச் செயற்கூறு என்பதால், உள்ளே நுழையும் முன்பே மூன்று உள்ளீடுகளும் கணக்கிடப்பட்டாக வேண்டும். வேண்டாத விடைக்கும் உழைப்பு. தன்னையே அழைக்கும் செயற்கூறு என்றால் நிலைமை இன்னும் மோசம்: நிறுத்த வேண்டிய இடத்திலும் அடுத்த அழைப்பு கணக்கிடப்படும், முடிவே வராது. ஆகவே ஒரு கிளையை மட்டும் தொடும் உண்மையான நிபந்தனைக் கோவையை அவர் வகுத்தார். அது லிஸ்ப், அல்கால் 60 ஆகிய மொழிகளுக்குப் போனது.

அந்தப் பழைய எக்ஸ்இஃப் செத்துவிடவில்லை. எண் அணிகளைக் கையாளும் பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் ‘வேர்’ (where) என்ற செயற்கூறு அதே வார்ப்புதான். நம் கடைக் கணக்கை அதில் போட்டால் முதலில் மூன்று வகுத்தல்களும் நடக்கும், நடுவில் எண்ணல்லாத ஒரு மதிப்பும் ஓர் எச்சரிக்கையும் வரும், அதன்பிறகே தேர்வு. விடை சரியாகவே இருக்கும். சரி, விடைதான் சரியாயிற்றே, என்ன குறை என்று கேட்கலாம். லட்சக்கணக்கான எண்களை ஒரே மூச்சில் வகுப்பது, ஒவ்வொன்றிடமும் நின்று கேட்பதைவிடப் பலமடங்கு வேகம் என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் அந்த எச்சரிக்கை தொல்லை என்று அணைத்துவிடுகிறவர்கள், நாளை தரவில் உண்மையாகவே தப்பாக நுழையும் சுழியத்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்கள். நம்பையின் வகுத்தல் செயற்கூறு எங்கே வகுக்கலாம் என்ற நிபந்தனையைத் தானே ஏற்றுக்கொள்ளும், வேகமும் கெடாது. விடை விழும் அணியை முன்கூட்டியே சுழியத்தால் நிரப்பிக் கொடுக்க மறந்தால் மட்டும் நடுக்கடையில் ஏதாவது குப்பை கிடக்கும்.

இஃப் எங்கே நிற்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பைத்தானில் அதை வரியின் கடைசியில் வைத்தால் அது தேர்வு அல்ல, வடிகட்டல்: நடுக்கடை காணாமல் போய் 200, 240 மட்டும் மிஞ்சும். அப்போது சராசரி 220. சுழியத்தைச் சேர்த்தால் 147க்குச் சற்றுக் குறைவு. எது சரி என்பது கணக்குப்பிள்ளை சொல்ல வேண்டிய பதில், மொழி சொல்லாது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நிபந்தனைகளை அடுக்கினால் படிக்க முடியாது என்கிற புகாரும் நியாயமானதே. அங்கே தனிச் செயற்கூறு எழுதுவதே மேல். பைத்தானுக்கு இந்தக் கோவை வந்தது 2006இல், 2.5 பதிப்பில். மெக்கார்த்திக்குத் தேவைப்பட்டபோது கைவிரித்த ஃபோர்ட்ரானுக்கோ, 2023ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் வந்து சேர்ந்தது.