"இன்னைக்கு அரண்மனை லீவு சார்!" பாங்காக்கில் ஊர் சுற்றும் வாலிபர்களைக் கவிழ்க்கும் பொய்

தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் அரண்மனையைப் பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரர்களிடம் வழியில் ஒரு ஆசாமி வந்து சொல்வான்: "இன்னைக்கு அரண்மனை லீவு சார்!"

இது பச்சைப் பொய். இந்தப் பொய்யை நம்பி, முதுகில் பையோடு ஊர் சுற்றப் போன எத்தனையோ வாலிபர்கள், ஊருக்குத் திரும்ப வைத்திருந்த பணத்தையும் பறிகொடுத்து இருக்கிறார்கள்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஒரே ஸ்டேஷனில் இரண்டு நாடு

கையில் காசு குறைவு, ஊர் பார்க்கும் ஆசை அதிகம் என்கிற வாலிபர்கள் மலேசியாவில் இருந்து பாங்காக் போக ரெயிலைப் பிடிப்பது வழக்கம். கூடவே ஒரு நண்பன் இருந்தால் செலவும் பாதி, பயமும் பாதி.

பினாங்குத் தீவில் இருந்து படகில் பட்டர்வொர்த். அங்கிருந்து மின்சார ரெயிலில் எல்லை ஊரான பாடாங் பெசார். இந்த ஒரே ஸ்டேஷனில் மலேசிய அதிகாரியும் தாய்லாந்து அதிகாரியும் அடுத்தடுத்து உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார்கள்.

முன்பு பட்டர்வொர்த்தில் இருந்தே பாங்காக்குக்கு நேர் ரெயில் ஓடியது. 2016க்குப் பிறகு அது இல்லை. எல்லையில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

கடிகாரத்தைப் பார்ப்பதும் முக்கியம். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு 1 மணி பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் உள்ளது எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம். தாய்லாந்துக்குள் நுழைகிற வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் வருகை அட்டை பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2025 மே 1ந் தேதி அமலுக்கு வந்தது. இதற்கு கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது அரசாங்க இடம் அல்ல.

திரை போட்ட படுக்கை

எழும்பூரில் முன்பு ஓடிய மீட்டர் கேஜ் ரெயில் போலவே அதே அகலத் தண்டவாளம். மாலையில் கிளம்புகிற ரெயில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, மறுநாள் காலை பாங்காக் சேருகிறது.

இருட்டியதும் ஊழியர் வந்து எதிர் எதிர் சீட்டுகளை இழுத்துப் படுக்கையாக்கி, விரிப்பு போட்டு, திரையும் மாட்டிவிடுவார். கீழ்ப் படுக்கைக்கு விலை கொஞ்சம் கூடுதல். திரைக்குப் பூட்டு கிடையாது. பாஸ்போர்ட்டும் பணமும் தலைமாட்டில் அல்ல, உடம்போடு இருக்க வேண்டும்.

2014 ஜூலையில் இந்தத் தெற்குப் பாதையில் இரவு ரெயிலில் வந்த 13 வயதுச் சிறுமி கற்பழித்துக் கொல்லப்பட்டாள். செய்தவன் ரெயில்வே ஊழியன்! அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடே கொதித்தது. அதன் பிறகுதான் ரெயிலில் மதுவுக்குத் தடை வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டியும் விடப்பட்டது.

1916ல் திறந்த ஹுவாலம்போங் ஸ்டேஷன்தான் வெகு காலம் பாங்காக்கின் வாசல். 2023 ஜனவரி 19ந் தேதி தூரத்து ரெயில்கள் 'குருங் தேப் அபிவத்' என்ற புது ஸ்டேஷனுக்கு மாறிவிட்டன. பழைய புத்தகத்தை நம்பிப் போனால் ரெயிலைத் தவற விட வேண்டியதுதான்.

டிப்டாப் ஆசாமி

பை சுமக்கும் கூட்டம் தங்குவது காவ்சான் ரோட்டில். 'காவ்சான்' என்றால் அரிசி. ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு. அங்கிருந்து 1782ல் கட்டத் தொடங்கிய அரண்மனைக்கு நடந்தே போகலாம். அந்த வழியில்தான் வலை விரிக்கிறார்கள்.

டிப்டாப்பாக உடுத்திய ஆசாமி சிரித்த முகத்தோடு வருவான். "எந்த ஊர் தம்பி? ஐயோ, இன்னைக்கு பூஜை. மத்தியானம்தான் திறப்பாங்க. அதுவரை சும்மா எதுக்கு நிக்கணும்? வேறு புத்தர் கோவில் பாருங்க" என்பான்.

சொல்லி வைத்தது போல் ஒரு 'டுக்டுக்' ஆட்டோ வந்து நிற்கும். கட்டணம் வெறும் 20 பாட். ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவான். இவ்வளவு மலிவாக எப்படிக் கட்டுப்படியாகும்? ஆளைக் கொண்டுவந்து விட்டால் நகைக் கடைக்காரன் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கொடுப்பான். அதுதான் ரகசியம்.

கல் நிஜம், விலை பொய்

கோவிலில் இன்னொரு ஆசாமி, முன்பின் தெரியாதவன் போல் பேச்சுக் கொடுப்பான். "இன்னைக்கு ஒரு நாள்தான் வரி இல்லாம நீலக்கல் விக்கிறாங்க. ஊர்ல வித்தா ரெண்டு மடங்கு" என்று ஆசை காட்டுவான். முதல் ஆசாமி, ஆட்டோக்காரன், இவன் எல்லோரும் ஒரே கூட்டாளிகள்.

கடையில் கொடுக்கும் கல் பெரும்பாலும் நிஜக் கல்தான். ஆனால் மட்ட ரகம். கொடுத்த விலையில் சிறு பங்குகூடத் தேறாது. ஊருக்கு வந்து நகைக்கடையில் காட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். "ஏமாற்றினான்" என்று சொன்னாலும், விலை பேசி, கையெழுத்துப் போட்டு, மனமாரப் பணம் கொடுத்தது இவர்தானே! திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

அவர்கள் நாள் முழுக்க ஊர் சுற்றிய வேளையில் அரண்மனைக்குள் ஜேஜே என்று கூட்டம்!

நண்பன் எதற்கு?

இரண்டு பேர் சேர்ந்து போனால் ஏமாற மாட்டார்கள் என்று நினைப்பதும் தப்பு. ஒருவனுக்கு ஆசை வந்தால் மற்றவனையும் சேர்த்து இழுப்பான். 'நண்பன் கோபித்துக் கொள்வானே' என்று வாயை மூடிக்கொண்டால் இரண்டு பர்சும் காலி. "வேணாம்டா, வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பவன்தான் வெளியூரில் நண்பன்.

சீலோம் ரோட்டில் 19ம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. தாய்லாந்து மக்களும் வந்து கும்பிடுகிறார்கள். அங்கே போகவும் டுக்டுக்காரன் தயவு தேவை இல்லை. மீட்டர் போட்ட டாக்சி 35 பாட்டில் தொடங்குகிறது. "மீட்டர் போடு" என்று ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அரண்மனை திறந்திருக்கிறதா என்று ரோட்டில் நிற்பவனைக் கேட்காமல், டிக்கெட் கவுண்ட்டருக்கே போய்க் கேட்க வேண்டும். சுற்றுலாப் போலீசாரின் போன் நம்பர் 1155. ஏமாந்த பிறகு தேடுவதைவிட, போகும் முன்பே குறித்துக் கொள்வது நல்லது.