கப்பி ரோட்டுச் சைக்கிள்

திண்டுக்கல்லில் ‘கிராவல்’ என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்களுக்கும் தோட்டத்துப் பாதையை மேடாக்கியவர்களுக்கும் அது லாரிக் கணக்கில் வந்து இறங்குகிற சரக்கு. செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்தது. அதே சொல்லோடு ‘சைக்கிள்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் முகத்தில் கேள்வி வருகிறது.

நத்தம் சாலையில் சாணார்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சர் கடை. தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். கடைக்காரர் எழுந்து வந்து, கேட்காமலே முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“என்ன தம்பி, காத்து இம்புட்டுக் கம்மியா இருக்கு? ரிம்மு அடி வாங்கிரும். அடிச்சு விடட்டுமா?”

“வேணாம்ண்ணே, இதுக்கு இவ்வளவுதான்.”

அவர் நம்பவில்லை. காற்று குறைந்த சைக்கிளை மிதிப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கிராவல் சைக்கிளின் சூட்சுமமே அந்தக் குறைந்த காற்றில்தான் இருக்கிறது.

பார்வைக்கு அது பந்தய சைக்கிள் மாதிரி இருக்கும். ஆட்டுக்கொம்பு போல் கீழே வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த சட்டம். கூர்ந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பந்தய சைக்கிளின் டயர் 25, 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதற்கு 40 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்தத் தடித்த டயர் உரசாமல் சுழல ஃபோர்க்கிலும் பின் சட்டத்திலும் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். மலையேற்றச் சைக்கிளுக்கு உள்ளதுபோல் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் பெரும்பாலும் இருக்காது. தார்ச் சாலையில் வேகமாகப் போக வேண்டும், தார் முடிகிற இடத்தில் நின்றுவிடவும் கூடாது என்ற இரண்டு ஆசைக்கும் நடுவே பிறந்த வண்டி இது.

தார் முடிகிற இடம் திண்டுக்கல் சமவெளியில் எங்கும் உண்டு. மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் போதும், கப்பி ரோடு தொடங்கிவிடும். அதைப் போடும் முறை ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பிய யோசனையிலிருந்து வளர்ந்தது. உருண்டைக் கல் உருண்டு ஓடும். உடைத்த ஜல்லியோ முனைக்கு முனை கவ்விக்கொள்ளும். ஜல்லியைப் பரப்பி ரோலர் ஓட்டி, இடுக்குகளில் கிராவல் மண்ணைத் தூவித் தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். மேலே தார் போடாமல் விட்டாலோ, போட்ட தாரை மழை அரித்தாலோ மண் முதலில் போகும், கல் தலைதூக்கும். அந்தத் தலைதூக்கிய கற்களின் மேல்தான் நம் சக்கரம் ஓட வேண்டும்.

இப்போது காற்றுக்கு வருவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு 40 கிலோ, அதாவது 88 பவுண்டு. டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று இருந்தால், அந்த 88 பவுண்டைத் தாங்க ஒரு சதுர அங்குலத்துக்கும் குறைவான இடம் தரையில் பதிந்தால் போதும். ஏறக்குறைய கட்டைவிரல் ரேகை வைக்கிற அளவு. காற்றை 40 பவுண்டாகக் குறைத்தால் பதியும் பரப்பு 2.2 சதுர அங்குலமாகிறது. சின்னத் தீப்பெட்டியைப் படுக்கவைத்த அளவு.

வழவழப்பான சாலையில் முதல் வகை நல்லது. டயர் அதிகம் நசுங்காது. நசுங்கி விரியும் ரப்பரில் வீணாகும் ஆற்றலும் குறையும். கப்பி ரோட்டில் கதை தலைகீழ். கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் எகிறும். அப்போது எகிறுவது டயர் மட்டுமில்லை, மேலே உட்கார்ந்திருக்கும் 80 கிலோவும்தான். முன்னால் போக வேண்டிய உழைப்பு மேலும் கீழும் ஆடுவதில் செலவாகி, கடைசியில் தொடையிலும் முதுகிலும் தோளிலும் வலியாக மிஞ்சுகிறது. காற்று குறைந்த டயரோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு, வண்டியை மட்டமாக நகர்த்துகிறது. ஸ்பிரிங் செய்யும் வேலையைக் காற்றே செய்துவிடுகிறது.

கடைக்காரரின் பயத்திலும் உண்மை இருக்கிறது. மெல்லிய டயரில் காற்றைக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். டயர் அகலமாக இருந்தால்தான் காற்றைக் குறைக்க முடியும். அதற்கும் மேலே போய், பல கிராவல் சைக்கிள்களில் டியூபையே எடுத்துவிட்டார்கள். ரிம்மோடு டயர் காற்றுப்புகாமல் கவ்விக்கொள்ளும். உள்ளே சிறிதளவு திரவம் ஊற்றியிருப்பார்கள். பெரும்பாலும் ரப்பர் பால் கலந்தது. முள் குத்தினால் ஓட்டை வழியே காற்றோடு அந்தப் பால் சீறி வந்து, உறைந்து அடைத்துவிடும். வெட்டுப்பட்ட மரம் பால் வடித்துத் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்வது போலத்தான்.

இந்த ஏற்பாடு நம் ஊருக்கென்றே செய்ததோ என்று தோன்றும். குளத்தங்கரை எங்கும் சீமைக்கருவேல முள், தரிசில் நெருஞ்சி. மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படரும் இந்த நெருஞ்சிக்கு ஆங்கிலத்தில் ‘பஞ்சர் கொடி’ என்றே ஒரு பெயர் உண்டு. அமெரிக்கச் சைக்கிள்காரர்களும் அதே முள்ளைத் திட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள்.

அடுத்தது சட்டம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் பந்தய சைக்கிளில் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். கிராவலில் சில சென்டிமீட்டர் கூடுதல். ஃபோர்க்கும் சற்றே சாய்ந்து முன்னால் நீண்டிருக்கும். கல்லில் பட்டு முன் சக்கரம் விலகினாலும், இந்தச் சாய்வு அதை மீண்டும் நேர்க்கோட்டுக்கு இழுக்கும். திரும்புவதில் கொஞ்சம் சோம்பல்தான். ஆனால் புழுதியில் அந்தச் சோம்பலே உயிர் காக்கும்.

பிறகு கியர். சமவெளியிலிருந்து கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரம். காட்டின் குளிர்ச்சியும் வாழைத் தோட்டங்களும் வந்துவிடும். தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களைக் குதிரை முதுகில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் உள்ள மலை அது. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் ஏலம் போகும் இடத்துக்குத் திண்டுக்கல் நகரில் ‘சிறுமலை செட்’ என்றே பெயர். அந்த ஏற்றத்துக்கு பெடல் பக்கம் 40 பல், பின்னால் 42 பல் என்று சங்கிலியை மாற்றிக்கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி இரண்டு மீட்டர் சொச்சம்தான் நகரும். மெதுவாக, ஆனால் இறங்கித் தள்ளாமல் ஏறிவிடலாம். சமதரையில் பின்னால் 11 பல்லுக்கு மாற்றினால் அதே ஒரு மிதிக்கு எட்டு மீட்டர்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் இயந்திரத்துக்குச் சோதனை. 80 கிலோ எடை 700 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால் அந்தச் சூடு டயருக்குப் பக்கத்திலேயே சேரும். அதனால்தான் கிராவல் சைக்கிளில் சக்கரத்தின் நடுவில் தனித் தகடு வைத்து, அதைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். சேறு ஒட்டினாலும் மழை பெய்தாலும் பிடிப்பு அவ்வளவாகக் குறையாது.

உலகத்தில் கிராவல் சைக்கிள் பெயர் வாங்கிய கதை சமீபத்தியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரைச் சுற்றிச் சிக்கிமுக்கிக்கல் நிறைந்த குன்றுகள் உண்டு. டயரைக் கத்தி போல் கிழிக்கும் கல். அங்கே 2006இல் 200 மைல் மண்சாலைப் பந்தயம் ஒன்று தொடங்கியது. அதன் புகழோடு ‘கிராவல்’ என்ற பெயரில் தனி வகைச் சைக்கிள்களும் சந்தைக்கு வந்தன. 2022இல் சர்வதேச சைக்கிள் சங்கம் இதற்கென முதல் உலகப் போட்டியை இத்தாலியில் நடத்தியது.

பந்தயத்துக்காகப் பிறந்தாலும், திண்டுக்கல்லில் இந்த வண்டிக்குப் பொருத்தம் சந்தை ஊர்கள்தான். பூட்டுக்குப் பெயர்பெற்ற நகரத்தின் மலைக்கோட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, ஒருநாள் சுங்குடிச் சேலை நெய்யும் சின்னாளபட்டி, ஆத்தூர் என்று தெற்கே போகலாம். வியாழக்கிழமை என்றால் திருச்சி நான்குவழிச் சாலைக்குப் போகாமல், உள்பாதைகளிலேயே வடமதுரை தாண்டி அய்யலூர் ஆட்டுச்சந்தை. விடியுமுன்பே கூட்டம் சேர்ந்து, வெயில் ஏறுமுன் வியாபாரம் முடிந்துவிடும் சந்தை. ஒரு வாகனமும் ஹாரன் அடிக்காத மண்பாதையில் போய் அங்கே சேர்ந்தால், ஆட்டின் சத்தம்தான் ஊர் வந்ததைச் சொல்லும்.

அந்தப் பக்கத்துக் காடுகளுக்கு இன்னொரு பெருமை உண்டு. தேவாங்குக்கென்று இந்தியாவின் முதல் சரணாலயம் 2022இல் அங்கேதான் அறிவிக்கப்பட்டது. கடவூர் தேவாங்கு சரணாலயம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்கு இரவு உயிர். மரத்துக்கு மரம் தாவத் தெரியாமல் கிளை பிடித்து ஊர்ந்து போகும். கிளைகள் தொடாத இடத்தில் தரையில் இறங்கித்தான் பாதையைக் கடக்க வேண்டும். ஆகவே இருட்டினால் காட்டோரப் பாதையில் சைக்கிளுக்கும் வேலையில்லை. சிறுமலையில் காட்டுமாடும் உண்டு. காப்புக்காட்டுக்குள் போகும் பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும், வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்கக் கூடாது. கிராவல் சைக்கிளுக்கு ஊர்ப்பொதுப் பாதைகளே ஆயுசுக்கும் போதும்.

பஞ்சர் கடைக்கே திரும்பி வருகிறேன். கடைச் சுவரில் அவருடைய சொந்தச் சைக்கிள் சாய்ந்து நின்றது. கறுப்பு வண்ணம், கம்பி பிரேக், பின்னால் அகலக் கேரியர். 20 கிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் எழுத்து தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது: 28 பெருக்கல் 1½. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்த காலம் முதல் பால்காரரும் தபால்காரரும் மிதித்த அதே அளவு.

“அண்ணே, உங்க டயரும் என் டயரும் ஒரே அகலம், தெரியுமா?” என்றேன்.

ஒரு குச்சியை ஒடித்து என் டயரின் அகலத்துக்கு நகத்தால் கீறினார். தன் டயரில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒன்றரை அங்குல டயருக்கு மில்லிமீட்டர் கணக்கில் போடும் எண்ணும் 40தான். ரிம்தான் 13 மில்லிமீட்டர் பெரிது. சட்டத்தின் நீளமும் ஃபோர்க்கின் சாய்வும் என்னுடையதைவிட அவருடையதில் அதிகம். தார் காணாத சாலைகளுக்கென்று ஒரு காலத்தில் செய்த வண்டி அது. எடையைப் பாதியாக்கி, கியரும் டிஸ்க் பிரேக்கும் ரப்பர் பாலும் சேர்த்தால் என்னுடையது வந்துவிடும்.

“அப்ப நான் நாப்பது வருசமா ஓட்டுறது இதத்தானா?” என்று சிரித்தவர், குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி என் டயரை அமுக்கினார்.

“இருந்தாலும் காத்து கம்மிதான் தம்பி.”